வெள்ளாட்டுக்கு என்ன கலர்? போச்சு அரை மார்க்!

ம்... ஓடுதா? ஓடுது. சிவப்புப் புள்ளி வந்துடுச்சு. வணக்கம், வாங்க, உட்காருங்க. இன்னைக்கு நான் கொஞ்சம் கொதிப்புல இருக்கேன், முன்கூட்டியே சொல்லிடுறேன்.

பழைய பேனாவுக்கு நிப்பு மாத்துற வீடியோ போடுறேன்னு போன வாரம் சொன்னேன். ஞாபகம் இருக்கு. அது அடுத்த வாரம். இன்னைக்குப் பேச வேண்டியது ஒரு அரை மார்க் விஷயம். ஒரு மார்க்கு கூட இல்ல, அரை.

குட்டியை உங்களுக்குத் தெரியும். அக்கா பொண்ணு, என் ட்ரைபாடைத் தட்டிவிட்ட அதே ஆளு. இதோ அவளோட ஒர்க்‌ஷீட். கிட்ட காட்டுறேன், இருங்க, ஃபோகஸ் ஆகட்டும். "படத்துக்குச் சரியான வண்ணம் தீட்டுக"ன்னு மேல போட்டிருக்கு. கீழ வெள்ளாடு. தாடி இருக்கு பாருங்க. வாலு மேல தூக்கி நிக்குது, அதைக் கவனிங்க. செம்மறின்னா வாலு கீழ தொங்கும். படம் வரைஞ்சவர் விவரமான ஆளுதான். குட்டி அந்த ஆட்டை முழுக்க கறுப்பு அடிச்சிருக்கா. எவ்வளவு அழுத்தமா அடிச்சிருக்கான்னா, விரலை வெச்சா மெழுகு ஒட்டுது. கண்ணுக்கு மட்டும் ஒரு சின்ன வட்டம் வெள்ளையா விட்டிருக்கா. நான் சொல்லிக் கொடுக்கல, அவளாவே விட்டது. அதுக்கே ஒரு மார்க் தனியா போடணும்.

அதுக்கு மேல சிவப்பு மையில ஒரு சுழி. பக்கத்துல "வெள்ளை" ஒரே சொல்லு. அரை மார்க் குறைச்சாச்சு.

ஏன்னா பேரு *வெள்ளாடு*!

அடடா, இருங்க. உங்களுக்கு இந்த ஆடு பழுப்பா தெரியுதா? எனக்கு இங்க ஸ்க்ரீன்ல பழுப்பாத்தான் தெரியுது. கறுப்புங்க அது, சத்தியமா. லைட்டு பண்ற வேலை. பழைய பல்பு போயிடுச்சுன்னு புதுசு மாட்டினேன், டப்பால "வார்ம் ஒயிட்"னு இருந்துச்சு. எங்கங்க ஒயிட்டு? மஞ்சத் தண்ணி மாதிரி இருக்கு. ஒயிட் பேலன்ஸ் மாத்துறேன்... இப்ப ஆடு நீலமாயிடுச்சு. நீலாடு. பழையபடியே வெச்சுடுறேன், நான் சொல்றதை நம்புங்க, கறுப்பு.

எங்க விட்டேன்? ஆங், வெள்ளாடு. இதுவரைக்கும் நீங்க பார்த்த வெள்ளாட்டை மனசுக்குள்ள வரிசையா நிறுத்துங்க. கறுப்பு எத்தனை, செவலை எத்தனை, புள்ளி போட்டது எத்தனை? "கறுப்பு வெள்ளாடு"ன்னு நாமளே சொல்றோம், சொல்லும்போது நாக்கு ஒரு நொடி கூடத் தயங்குறதில்ல. பக்கத்துல செம்மறியை நிறுத்துங்க. செம் பிளஸ் மறி. மறின்னா பழைய தமிழ்ல ஆட்டுக்குட்டி. பேர்லயே சிவப்பு இருக்கு. ஆனா செம்மறின்னதும் மனசுல வர்றது என்ன? வெள்ளை வெளேர்னு கம்பளி! செவலை செம்மறியும் இருக்கு, மறுக்கல. ஆனா கறுப்பு வெள்ளாடும் வெள்ளைச் செம்மறியும் ஒண்ணா மேயுறதைப் பார்த்து இதுல எது "வெள்" எது "செம்"னு வெளியூர்க்காரர் யாராவது கேட்டா, என்ன பதில் சொல்லுவீங்க?

என் கட்சி இதுதான். அந்த "வெள்" ஆட்டோட தோலைப் பார்த்துச் சொல்லல. "இது அந்த இன்னொரு ஆடு இல்ல"ன்னு சொல்லுது, அவ்வளவுதான். பேருக்குள்ள இருக்கிற நிறத்துக்குப் பெரும்பாலும் வேலையே அதுதான், ரெண்டைப் பிரிச்சுக் காட்டுறது. ஒயிட் ஒயினை எடுத்துக்கங்க, வெளிர் மஞ்சள். ரெட் ஒயின் இல்லைங்கிறதுக்காக ஒயிட். அதை எடுத்து வெள்ளைக் கிரேயான்ல தீட்டச் சொல்லுவாங்களா?

காண்டாமிருகமும் இதே கதைதான். வெள்ளைக் காண்டாமிருகம், கறுப்புக் காண்டாமிருகம்னு ரெண்டு, ரெண்டுமே சாம்பல். பிரிச்சுக் காட்டுறது வாய்தான். "வெள்ளை"க்கு அகலமான சதுர வாய், புல்லு மேயும். "கறுப்பு"க்கு மேலுதடு கொக்கி மாதிரி கூர்மையா இருக்கும், இலை தழையை இழுத்துத் தின்னும். இங்க ஒரு தப்பை ஒத்துக்கணும். (மணி அடிக்கிறார்) கேட்டுச்சா? பழைய வீடியோல விட்ட தப்பைச் சரி பண்ணா மணி அடிக்கணும், நம்ம சட்டம். மிருகங்க வீடியோல என்ன சொன்னேன், "அகலம்"னு அர்த்தம் வர்ற டச்சுச் சொல்லை இங்கிலீஷ்காரங்க "ஒயிட்"னு தப்பா காதுல வாங்கிக்கிட்டாங்க, அதான் வெள்ளைன்னு பேரு வந்துச்சுன்னு சொன்னேன்ல? கதை ரொம்ப அழகு, எல்லாரும் சொல்றாங்க. ஆனா பழைய எழுத்துகளைத் தேடிப் பார்த்தவங்களுக்கு அதுக்கு ஆதாரமே கிடைக்கல. அழகா இருந்ததால நம்பிட்டேன். மன்னிக்கணும்.

அப்புறம் இந்த மணி. இது பெரிய கூத்து, இதுக்காகத்தான் பாதி வீடியோவே எடுக்கிறேன். மூணு வருஷமா இந்த மணியை அடிக்கிறேன், நேத்து ராத்திரிதான் உறைச்சுது. இது என்ன மணி? வெண்கல மணி. வெண்கலம்! வெண்மையில வர்ற அதே "வெண்". பாருங்க, கேமரா கிட்ட கொண்டு வர்றேன். அடிவிளிம்பு தேஞ்சு பொன்னு மாதிரி மின்னுது, மேல புகை படிஞ்ச பழுப்பு. எங்கயாவது வெள்ளை தெரியுதா? நான் மட்டும் குட்டி ஆட்டுக்கு நியாயம் கேட்டுக்கிட்டு, கையில ஒரு பொன்னிறமான "வெண்"கலத்தைப் பிடிச்சு ஆட்டிக்கிட்டு இருந்திருக்கேன்!

தேடாம விடுவேனா? வெண்கலம்னா செம்பும் வெள்ளீயமும் சேர்ந்தது. சாதாரண வெண்கலத்துல வெள்ளீயம் 10, 12 சதவீதம் இருக்கும், மணிக்குன்னு வார்க்கிறதுல 20 சதவீதம் மாதிரி வரும். வெள்ளீயம் ஏற ஏறச் சிவப்பு மங்கும். மூணுல ஒரு பங்கு ஆச்சுன்னா நிஜமாவே வெள்ளி மாதிரி வெளுத்துடும். அதைத் தேய்ச்சுக் கண்ணாடி பண்ணுவாங்க. 1668-ல நியூட்டன் பண்ண முதல் பிரதிபலிப்புத் தொலைநோக்கியில இருந்ததும் அந்த மாதிரி உலோகக் கண்ணாடிதான். ஆக வெண்மையான வெண்கலம் உலகத்துல இருக்கு, என் மணி அந்தச் சாதி இல்ல. இதைத் தெரிஞ்சுக்கிட்டப்ப ராத்திரி ஒண்ணரை மணி. எழுந்து ஒரு அடி அடிச்சேன். பக்கத்து வீட்ல லைட்டு போட்டாங்க.

இந்த பல்பு இன்னும் உறுத்துது. வார்ம் ஒயிட்னா 2700 கெல்வின், மஞ்சள். "கூல்"னு விக்கிறது 6500 கெல்வின், நீலம் கலந்த வெள்ளை. கெல்வின்ங்கிறது வெப்பநிலை. அப்ப எது சூடு? கூல்தான் சூடு! இரும்பைக் காய்ச்சினா முதல்ல சிவக்கும், அப்புறம் மஞ்சளாகும், கடைசியிலதான் வெளுக்கும். பல்புல நெருப்பு நிறத்தைச் சூடுன்னும் நீலத்தைக் குளிர்ச்சின்னும் நம்ம மனசு தலைகீழா பேரு வெச்சுடுச்சு. இது வெள்ளாட்டை விட மோசம். இதுக்கு யாரு அரை மார்க் குறைக்கிறது?

சரி, பச்சை. இதைச் சொல்லாம விட்டா நீங்களே திட்டுவீங்க. என் பழைய வீடியோ ஒண்ணுல சப்டைட்டில் தானா இங்கிலீஷ்ல வந்துச்சு. நான் சொன்னது "பச்சைக் குழந்தைங்க அது, பச்சைத் தண்ணி கூடக் குடிக்கல". கீழ வந்தது, பச்சை நிறக் குழந்தை பச்சை நிறத் தண்ணி குடிக்கலையாம்! வேற்றுக்கிரகக் குடும்பம் மாதிரி இருந்துச்சு. நமக்குப் பச்சைன்னா நிறம் அப்புறம்தான். காயாத, வேகாத, ஆறாத எல்லாமே பச்சை. பச்சை மண், பச்சைப் புண், பிள்ளை பெத்த பச்சை உடம்பு. பச்சைப் பொய்யும் அப்படித்தான், சமைக்காமயே பரிமாறுறது. இந்தச் சொல்லு எனக்கு உயிரு. இதை வெறும் நிறமா மொழிபெயர்க்கிறவங்களைக் கண்டா ஆகாது, அது மெஷினா இருந்தாலும் சரி.

பச்சை குத்துறது? "சிவப்புல பச்சை குத்தினேன்"னு ஒரு தோழி சொன்னா, நாங்க யாருமே சிரிக்கல. சிரிக்கணும்னே தோணல. இத்தனைக்கும் கறுப்பு மையில குத்தினாலும் கொஞ்ச நாள் கழிச்சு நீலப் பச்சையா தெரியுறதுக்குக் காரணம் இருக்கு. மை தோலுக்குக் கீழ உட்கார்ந்திருக்கு. மேல இருக்கிற தோல் நீல வெளிச்சத்தைத்தான் அதிகமா சிதறடிச்சு நம்ம கண்ணுக்குத் திருப்பி அனுப்புது. கை நரம்பு நீலமா தெரியுறதும் தோலும் வெளிச்சமும் சேர்ந்து பண்ற வேலைதான். உள்ள ஓடுற ரத்தம் கருஞ்சிவப்பு, நீலமே கிடையாது. நிஜமான நீல ரத்தம் வேணும்னா ஆக்டோபஸ் கிட்ட போங்க. நமக்கு ரத்தத்துல இரும்புன்னா அதுக்குச் செம்பு.

அட, கண்ணை மறந்தே போயிட்டேன்! முதல்லயே சொல்லணும்னு காலண்டர் தாள்ல எழுதி வெச்சேன், தாளு டம்ளருக்கு அடியில மாட்டிக்கிச்சு. கருவிழி. "கருவிழி மாற்று அறுவை சிகிச்சை"ன்னு படிச்சிருப்பீங்க. அதுல மாத்துறது கண்ணுக்கு முன்னாடி இருக்கிற மெல்லிய படலம். கண்ணாடி மாதிரி அதுக்கு நிறமே கிடையாது! கறுப்பா இருந்தா நமக்கு எப்படிங்க பார்வை தெரியும்? பின்னாடி இருக்கிற பாப்பா தெரியுறதை வெச்சு முன்னாடி இருக்கிற சன்னலுக்குக் கறுப்புன்னு பேரு. அதோட "காமாலைக் கண்ணுக்குக் கண்டதெல்லாம் மஞ்சள்". பழமொழியா ரசிக்கலாம். ஆனா காமாலையில மஞ்சளாகிறது நோயாளியோட வெள்ளை விழி, அதைப் பார்க்கிறது எதிர்ல நிக்கிறவங்க. நோயாளிக்கு உலகம் பொதுவா எப்பவும் போலத்தான் தெரியும்.

விமானத்தோட கறுப்புப் பெட்டி பத்தித் தனி வீடியோவே போட்டாச்சு. அது பளீர்னு ஆரஞ்சுன்னு உங்களுக்கே தெரியும். கடலடியிலயோ சிதறின குவியல்லயோ தேடுறவங்க கண்ணுல படணும், அதான். 1,100 டிகிரி தீயில ஒரு மணி நேரம் தாக்குப்பிடிக்கணும். ஒண்ணு அதுல சொல்ல விட்டுப்போச்சு, வெளிச்சம் பட்டா திருப்பி மின்னுற பட்டையும் மேல ஒட்டியிருக்கும். இதுக்கு மணி கிடையாது, தப்பு சொல்லல, விட்டேன், அவ்வளவுதான்.

செங்கடல் நீலம்தான். எப்பவாவது ஒரு வகை நுண்ணுயிர் பெருகி மிதந்து காய்ஞ்சு செம்பழுப்பா மாறும், பேரு அதுலருந்து வந்திருக்கலாம்னு ஒரு பேச்சு. போதும், கடலுக்குள்ள நான் இறங்கல.

அந்த அரை மார்க்குக்கு வர்றேன். அக்கா "போனாப் போகுது விடு"ன்னா. நான் விடுற ஆளா? பள்ளிக்கூடத்துக்குக் கொடுத்தனுப்ப ஒரு கடுதாசி எழுத உட்கார்ந்தேன். குட்டி பக்கத்துல வந்து நின்னு, "சித்தி, மிஸ் எங்களைக் கரும்பலகையைப் பார்த்து எழுதச் சொல்லுவாங்க"ன்னா. சரின்னேன். "அது பச்சையா இருக்கும் சித்தி"ன்னா.

நான் பேனாவைக் கீழ வெச்சுட்டேன். மூணு பக்கம் எழுதியிருந்தேங்க, வெண்கலம், கெல்வின், நியூட்டன் எல்லாம் போட்டு. அத்தனையையும் கிழிச்சுட்டு, அவ சொன்ன அந்த ஒரே வரியை மட்டும் அவ கையாலயே எழுத வெச்சு அனுப்பினோம்.

இன்னைக்குச் சாயங்காலம் தாளு திரும்பி வந்துச்சு. இதோ இந்த மூலையைப் பாருங்க. "வெள்ளை"யை அடிச்சிருக்காங்க. அரை மார்க் ஏறியிருக்கு. பக்கத்துல சின்னதா ஒரு சிரிச்ச மூஞ்சி! அந்த மிஸ் மேல இருந்த கோவம் பாதி போயிடுச்சு. மீதி பாதி அந்தப் பல்பு மேல.

அதே பையில இன்னொரு தாளும் வந்திருக்கு. நாளைக்குக் கொடுக்கணுமாம். நீலத் திமிங்கலம். தண்ணிக்குள்ள பார்த்தா நீலம், வெளிய வந்தா புள்ளி விழுந்த சாம்பல். அடி வயித்துல மஞ்சள் பாசி மாதிரி நுண்ணுயிர் படியும், அதைப் பார்த்து அந்தக் காலத்துல அதுக்குக் "கந்தக வயிறு"ன்னு கூட ஒரு பேரு இருந்துச்சு. நான் இதைக் குட்டி கிட்ட சொல்லியிருக்கக் கூடாது. இப்ப அவளுக்குச் சாம்பல் கலர் வேணுமாம், டப்பால சாம்பல் இல்ல. தேஞ்சுபோன கறுப்பைப் படுக்க வெச்சு, அழுத்தாம, மெதுவா தேய்ச்சுக்கிட்டு இருக்கா. வயித்துக்கு மஞ்சளைக் கையில எடுத்துட்டா.

குட்டி, வால்ல கொஞ்சம் விட்டுடுச்சு பாரு... ஆமா, அங்கதான். இருங்க, அவ கூப்பிடுறா, கேமராவை நிறுத்திட்டு வர்றேன்.