புள்ளிக்குப் பட்டா

நடுவர் அவர்களுக்கும் மெல்பர்ன் தமிழ்ச் சொந்தங்களுக்கும் வணக்கம். மணி எப்போது அடிக்கும் என்று தெரியாது, நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

புள்ளிகளுக்குப் பேர்போன ஆஸ்திரேலியப் பூர்வகுடி ஓவியத்திடம் ஒரு டிசைனர் கற்க வேண்டியது அழகையா, மண்ணோடு உள்ள உறவையா? நாங்கள் மண் கட்சி. எதிரணித் தம்பி எங்களை ஒரே அடியில் முடித்துவிட்டதாக நினைக்கிறார். "எங்க ஆத்தா மார்கழியில வைக்காத புள்ளியா? அழகா இருந்தா எடுத்து வச்சுக்க வேண்டியதுதான். புள்ளிக்கு எந்தத் தாலுகா ஆபீஸ்ல போய்ப் பட்டா வாங்குறது?" என்று கேட்டார். நீங்கள் கைதட்டினீர்கள். நடுவர் அவர்களே, நீங்களும் சிரித்தீர்கள், நான் பார்த்தேன்.

தம்பி, புள்ளியே பட்டாவாகத் தாக்கல் ஆன கதை தெரியுமா உங்களுக்கு?

மேற்கு ஆஸ்திரேலியாவில் கிரேட் சாண்டி பாலைவனம். வால்மஜாரி, வாங்கஜுங்கா, மங்காலா, ஜுவாலினி என்று நான்கு மொழி பேசுகிறவர்கள் சேர்ந்து தங்கள் நிலத்துக்கு உரிமை கேட்டார்கள். ஆதாரம் எங்கே என்றது அரசாங்கம். தாய்ப்பத்திரத்துக்கு எங்கே போவார்கள்? வில்லங்கச் சான்றிதழுக்கு எங்கே போவார்கள்? வாயால் சொல்லலாம் என்றால் இவர்கள் மொழி அவர்களுக்குப் புரியாது, அவர்கள் இங்கிலீஷ் இவர்களுக்குச் சரிப்படாது. சரி, வரைந்தே காட்டிவிடுவோம் என்று இறங்கினார்கள்.

1997. பிர்னினி என்ற இடத்தில் 8 மீட்டருக்கு 10 மீட்டர் கேன்வாஸை மண்ணில் விரித்தார்கள். தம்பி, அதை விரிக்க இந்த மேடை போதாது. சுமார் 40 பேர் அதன் மேலேயே உட்கார்ந்து வரைந்தார்கள். அந்தப் பாலையில் வற்றாத நீர்நிலைக்கு ஜிலா என்று பெயர். ஜிலாக்கள் எல்லாம் படத்தில் வந்தன. அவரவர் இடத்தை அவரவரே வரைந்தார்கள்.

நில உரிமைக் கோரிக்கையை விசாரிக்கும் தீர்ப்பாயத்தார் வந்தார்கள். பெரியவர்கள் ஒவ்வொருவராக எழுந்து நடந்தார்கள். எங்கே? சாட்சிக் கூண்டுக்கா? இல்லை. கேன்வாஸ் மேல் ஏறி, தன் நிலம் இருக்கும் இடத்தில் போய் நின்று, தன் மொழியில் சாட்சி சொன்னார்கள். பின்வரிசையில் வடை சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்களுக்காக மறுபடி சொல்கிறேன். ஓவியத்தைச் சுவரில் மாட்டி, கையைக் கட்டிக்கொண்டு, தலையைச் சாய்த்து "ஆகா" என்று யாரும் பார்க்கவில்லை. நேராகப் போய் அதன் மேல் காலூன்றி நின்றார்கள்! 2007-ல் கூட்டாட்சி நீதிமன்றம் அவர்கள் உரிமையை அங்கீகரித்தது. 10 வருஷம். நம் தாலுகா ஆபீஸை விடக் கொஞ்சம் வேகம்தான்.

"கோலத்தை நாமும்தானே மிதிக்கிறோம்" என்று தம்பி அடுத்து ஆரம்பிப்பார். யார் மிதிப்பது என்பதில்தானே விஷயமே இருக்கிறது? வியட்நாமில் கம்பளம் நெய்து ஆஸ்திரேலியாவில் விற்றார்கள். அழகான டிசைன். பாண்டுக் மரிகா உள்ளிட்ட பூர்வகுடி ஓவியர்கள் வரைந்ததை, அனுமதி கேட்காமல் எடுத்து வைத்துக்கொண்டார்கள். தம்பி சொன்னாரே, அதே மாதிரி. புனிதமான கதைகள் ஊரார் காலடியில் கிடந்தன. ஓவியர் சம்மதிக்கவே இல்லை என்றாலும் அவர் சனங்கள் அவரைத்தான் கேள்வி கேட்பார்கள், ஏனென்றால் அந்தக் கதையைக் காப்பது அவர் பொறுப்பு. 1994-ல் வழக்கு ஜெயித்தது, இழப்பீடு 1,88,000 டாலருக்கு மேல்.

நானும் டிசைனர்தான். ஒரு காபிக் கடை மெனுவுக்கு "கொஞ்சம் ஆஸ்திரேலியத்தனமா" வேண்டும் என்றார்கள். ஓரமெல்லாம் புள்ளி வைத்துக் கொடுத்துக் காசு வாங்கினேன். அது எந்த ஊர்ப் புள்ளி என்று யாராவது கேட்டிருந்தால் முழித்திருப்பேன். கம்பளக்காரரை மட்டும் திட்ட எனக்கு வாயில்லை.

இந்தப் பாலைவன ஓவியங்கள் பலகைக்கு வந்தது 1971-ல், ஆலிஸ் ஸ்பிரிங்ஸுக்கு மேற்கே பாப்புன்யாவில். அதற்கு முன்னால் அந்தக் கோடும் வட்டமும் மணலிலும் மனித உடம்பிலும் இருந்தவை. மணல் என்றதும் எனக்கு அப்பா ஞாபகம் வந்துவிடுகிறது, மன்னிக்க வேண்டும்.

என் படிப்புக்காக ஒன்றரை ஏக்கர் புஞ்சையை விற்றவர். போன வருஷம் மூன்று மாதம் எங்களோடு வந்து இருந்தார். ஒருநாள் கொல்லைப்புறத்தில் பேரனை உட்கார வைத்து, குச்சியால் மண்ணில் கோடு இழுத்தார். இது வரப்பு, இது கிணறு, இந்த மூலையில் வேம்பு, இங்கேதான் உன் அப்பன் பாம்பைப் பார்த்துட்டு டவுசர் அவிழ ஓடினான். விற்று 20 வருஷம் ஆகிறது. வரப்பு எங்கே வளையுமோ அங்கே வளைந்தது.

பையன் போனில் படம் எடுத்துக்கொண்டு, "தாத்தா, இதை டி-ஷர்ட்ல போட்டுக்கவா?" என்றான்.

அப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. "பட்டா இப்ப வேற ஆளு பேர்ல இருக்கு சாமி, அவரைக் கேக்கணும்" என்றார். எழுந்து, காலாலேயே கோடுகளை அழித்தார். வரப்பு போனது, வேம்பு போனது. கிணற்றை மட்டும் மிதிக்காமல் சுற்றி நடந்து உள்ளே போனார்.