வீடா, சானடோரியமா?

நேயர்களுக்கு வணக்கம். ஒரு சிகிச்சை உண்மையிலேயே பலன் தருகிறதா என்பதை எப்படி அறிவது? இதைப் பேச வருபவர்கள் பெரும்பாலும் லண்டனில் தொடங்குவார்கள். நான் சென்னைச் சேத்துப்பட்டில் தொடங்குகிறேன்.

1950களில் காசநோய் என்றால் சானடோரியம்தான், அதாவது நோயாளிகள் நீண்ட காலம் தங்கிச் சிகிச்சை பெறும் மருத்துவமனை. ஓய்வு, நல்ல காற்று, பால், முட்டை. ஆனால் நோயாளிகளின் எண்ணிக்கைக்குப் படுக்கைகள் எந்த மூலைக்கு? மாத்திரைகள் அப்போதே வந்துவிட்டன. இருந்தாலும், ஓர் அறையில் ஆறேழு பேர் முடங்கும் வீட்டில், அரை வயிற்றுக்கு உண்பவருக்கு மாத்திரை மட்டும் போதுமா? பெண்டு பிள்ளைகளுக்கு ஒட்டிக்கொள்ளாதா? நியாயமான அச்சம்தான்.

1956இல் சென்னை அரசும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் உலக சுகாதார நிறுவனமும் பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் குழுவும் சேர்ந்து சேத்துப்பட்டில் ஓர் ஆய்வு மையம் அமைத்தன. வாலஸ் ஃபாக்ஸ் என்ற மருத்துவர் முன்னின்று நடத்தினார். 193 ஏழை நோயாளிகள். எல்லோருக்கும் ஓராண்டுக்கு ஒரே மருந்துகள்: ஐசோனியாசிட், பாஸ் (PAS) என்ற இரு காசநோய் மருந்துகள். யார் வீட்டில் இருப்பது, யார் சானடோரியம் போவது என்பதை மருத்துவர் முடிவு செய்யவில்லை. சீட்டுக் குலுக்குவதுபோலச் சமவாய்ப்பு முறையில் முடிவானது.

இது இரக்கமற்ற செயலாகத் தோன்றலாம். ஆனால் மருத்துவரிடம் விட்டிருந்தால், மெலிந்து இருமுபவரைப் பார்த்து மனம் இளகிச் சானடோரியத்துக்கு அனுப்பியிருப்பார். பிறகு முடிவில் தெரிவது சிகிச்சையின் வேறுபாடா, ஆட்களின் வேறுபாடா என்று யாராலும் சொல்ல முடியாது.

ஓராண்டு முடிவில், சானடோரியத்தில் 92 சதவீதத்தினருக்கும் வீட்டில் 86 சதவீதத்தினருக்கும் சளியில் கிருமி அடங்கியிருந்தது. பெரிய வேறுபாடு இல்லை. சானடோரியத்தில் இருந்தவர்கள் நன்றாகச் சாப்பிட்டார்கள், எடையும் கூடுதலாகப் போட்டார்கள். எடையை மட்டும் அளந்திருந்தால் சானடோரியமே வென்றதாக அறிவித்திருப்போம்! எதை அளக்கிறோம் என்பதில்தான் பாதி ஆராய்ச்சி அடங்கியிருக்கிறது.

எனக்கு மிகவும் பிடித்த பகுதி வேறு. அவர்கள் இரு தரப்புக் குடும்பத்தினரையும் ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து பரிசோதித்தார்கள். நோயாளி வீட்டிலேயே இருந்ததால் குடும்பத்தாருக்குக் கூடுதல் ஆபத்து நேரவில்லை. தொற்று பெரும்பாலும் நோய் கண்டறியப்படும் முன்பே நடந்து முடிந்திருந்தது. 1959இல் முடிவுகள் வெளியாயின. வீட்டிலிருந்தபடியே மருந்து எடுத்துக்கொள்ளும் முறை உலகெங்கும் பரவ அது பெரிய காரணமாயிற்று.

சான்று எப்போதும் நாம் விரும்பியதைச் சொல்வதில்லை. 1968இல் செங்கல்பட்டு மாவட்டத்தில் காசநோய்க்கான பிசிஜி தடுப்பூசியை இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்டோரிடம் சோதித்தார்கள். பெரியவர்களின் நுரையீரல் காசநோயை அது தடுக்கவில்லை. ஏமாற்றம்தான், ஆனாலும் மறைக்காமல் வெளியிட்டார்கள். அப்படியானால் பச்சிளங்குழந்தைக்கு இன்றும் ஏன் அந்த ஊசி? சிறு குழந்தைகளைத் தாக்கும் மூளைக்காய்ச்சல் வகைக் காசநோயிலிருந்து அது காப்பதாக வேறு ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. செங்கல்பட்டில் கேட்கப்பட்டது அந்தக் கேள்வி அல்ல. நன்றி, வணக்கம்.