66 பேர் வாசித்த பேண்டு: 'தி ஃபால்' ஓசையை உண்மையில் கட்டியது யார்?

[திரையில்: கறுப்புப் பின்னணி. பெயர்கள் ஒவ்வொன்றாக மேலேறி மறைகின்றன.]

மான்செஸ்டர் ராக் பேண்டு 'தி ஃபால்' பற்றிப் பேச்செடுத்தால் முதலில் வந்து விழுகிற எண் 66. 1976இல் தொடங்கி, 2018இல் பாடகர் மார்க் இ. ஸ்மித் இறக்கும்வரை அதில் வாசித்துவிட்டுப் போனவர்கள் அத்தனை பேர் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் கணக்கு. கடைசிவரை இருந்தவர் ஸ்மித் மட்டும்தான். “நானும் உங்க பாட்டியும் பாங்கோ தட்டினாலும் அது ஃபால்தான்” என்கிற பொருளில் அவர் பெயரில் ஒரு வசனமும் உலவுகிறது. ஆக, ஸ்மித்தான் பேண்டு, மற்றவர்கள் எல்லாம் வந்தார்கள், போனார்கள். கதை இப்படித்தான் ஓடுகிறது.

எனக்கு இதில் பாதி நம்பிக்கைதான். அந்த 66 பேரில் நிறைய பேர் கொஞ்ச காலமே தங்கியவர்கள். ஓசையைக் கட்டியவர்கள் ஒரு கைப்பிடி ஆட்கள். அவர்களில் சிலர் பதினைந்து, இருபது வருஷம் அங்கேயே கிடந்தவர்கள். இந்த வீடியோ அவர்களுக்காக.

[திரையில்: மான்செஸ்டர் வரைபடம். பிரெஸ்ட்விச் பகுதி பெரிதாகிறது.]

முதலில் ஸ்மித். 1957இல் பிறந்தவர். துறைமுகத்தில் குமாஸ்தாவாக இருந்தவர். எந்த வாத்தியமும் ஒழுங்காக வாசிக்கத் தெரியாது. ஆனால் எழுத்து அபாரம். அவரும் மார்ட்டின் பிராமா, யூனா பெய்ன்ஸ், டோனி ஃப்ரியல் என்ற நண்பர்களும் சேர்ந்து வீட்டில் கவிதை படித்து, கிட்டார் தட்டி ஆரம்பித்ததுதான் இந்த பேண்டு. அல்பேர் கமுவின் நாவல் ஒன்றிலிருந்து பெயரை எடுத்துக்கொண்டார்கள். மூன்று வருஷத்துக்குள் ஸ்மித்தைத் தவிர மற்ற மூவரும் வெளியே.

அந்த ஆரம்பக் குழப்பத்துக்கு ஒரு சம்பவம் போதும். 1978இல் பிபிசி வானொலியில் ஜான் பீல் நிகழ்ச்சிக்காக முதல் செஷன். வேன் ஓட்டி வந்தவரையும் காங்கா டிரம்ஸ் வாசிக்கச் சொல்லி உள்ளே சேர்த்துக்கொண்டார்கள். அது பொறுக்காமல் பேஸ் (கீழ்ச்சுருதி கிட்டார்) வாசிப்பவர் விலகிவிட்டார் என்பார்கள். கடைசியில் பேஸையும் பிராமாவே வாசித்தார். பாட்டி பாங்கோ வசனம் சும்மா வந்ததில்லை போலிருக்கிறது.

பீல் பெயரை இங்கே கொஞ்சம் நிறுத்திச் சொல்ல வேண்டும். அவர் பேண்டில் வாசித்தவர் இல்லை. ஆனால் அவர் இல்லாவிட்டால் இந்த பேண்டு எண்பதுகளைத் தாண்டியிருக்குமா என்பது சந்தேகம். 1978 முதல் 2004 வரை அவருக்காக தி ஃபால் பதிவு செய்தது 24 செஷன்கள். செஷன் என்றால், பெரும்பாலும் லண்டன் மைடா வேல் ஸ்டுடியோவில் ஒரே நாள் வேலை. காலையில் சாமான்களை இறக்கி, ஒலி சரிபார்த்து, நாலு பாட்டைப் பதிவு செய்து, ராத்திரிக்குள் மிக்சிங்கையும் முடித்துவிட வேண்டும். யோசித்து யோசித்து மெருகேற்ற நேரமே கிடையாது. ஸ்மித்துக்கு அது ரொம்பப் பிடித்த நிலைமை. ஆல்பத்தில் வந்ததைவிட செஷனில் வந்த வடிவம் நன்றாக இருக்கும் பாட்டுகள் எத்தனையோ உண்டு.

[திரையில்: பேஸ் கிட்டாரின் நாலு கம்பிகள், மிக அருகில்.]

இப்போது 1979க்கு வருவோம். அந்த வருஷம் இரண்டு பேர் சேர்கிறார்கள். பேஸ் கிட்டாருக்கு ஸ்டீவ் ஹேன்லி, கிட்டாருக்கு கிரெய்க் ஸ்கேன்லன். அதற்கு முந்தைய வருஷமே பதின்ம வயதில் உள்ளே வந்திருந்தவர் மார்க் ரைலி. ஸ்டீவின் தம்பி பால் ஹேன்லி 1980இல் 16 வயதில் டிரம்ஸில் உட்கார்ந்தார். ஃபால் என்று நாம் இன்று அடையாளம் காண்கிற ஓசை இங்கேதான் பிறக்கிறது.

எப்படி என்று கேட்டால், ஹேன்லியின் பேஸை மட்டும் தனியாகப் பிடித்துக்கொண்டு கேளுங்கள். பெரும்பாலான ராக் பேண்டுகளில் பேஸ் பின்னால் நின்று தாங்கும், கிட்டார் முன்னால் வந்து பேசும். இங்கே தலைகீழ். கனமான ஒரு பேஸ் வரி, ஐந்து நிமிஷம், ஆறு நிமிஷம் மாறாமல் திரும்பத் திரும்ப வரும். அதுதான் பாட்டின் மெட்டு. அதன் மேல் ஸ்கேன்லனின் கிட்டார் கோணல்மாணலாகக் கீறிக்கொண்டு போகும். ஸ்மித் பாடவும் மாட்டார், பேசவும் மாட்டார், இரண்டுக்கும் நடுவில் எதையோ செய்வார். ஒவ்வொரு வரியின் கடைசியிலும் ஒரு ‘அஹ்’ ஒட்டிக்கொள்ளும். அடியில் அந்த பேஸ் அசையாமல் நின்றதால்தான் அவரால் மேலே அவ்வளவு சுதந்திரமாகத் திரிய முடிந்தது.

1981இல் அமெரிக்கச் சுற்றுப்பயணம். வயது போதாததால் பாலுக்கு விசா கிடைக்கவில்லை. பழைய டிரம்மர் கார்ல் பர்ன்ஸைக் கூப்பிட்டுக்கொண்டு போனார்கள். திரும்பி வந்ததும் யாரை அனுப்புவது? யாரையும் அனுப்பவில்லை, இரண்டு பேரையும் வைத்துக்கொண்டார்கள். 1982இல் வந்த ‘ஹெக்ஸ் எண்டக்‌ஷன் ஹவர்’ ஆல்பத்தில் அந்த இரட்டை டிரம்ஸ் கேட்கும். ஒரு பகுதியை ஐஸ்லாந்தின் ரெய்க்யவிக்கிலும், மீதியை ஹிட்சின் என்ற ஊரில் மூடிக்கிடந்த ஒரு சினிமா கொட்டகையிலும் பதிவு செய்தார்கள். ஹெட்ஃபோன் போட்டுக் கேட்டால் கொட்டகையின் எதிரொலி உங்கள் காதிலேயே விழும். விசா சிக்கலில் பிறந்த ஏற்பாடு, அவர்களின் மிகச் சிறந்த ஆல்பமாகிவிட்டது. மிகச் சிறந்தது என்பது என் தீர்ப்பு. வேறு ஆல்பத்தைச் சொல்லி சண்டைக்கு வருகிறவர்கள் இருக்கிறார்கள், வரட்டும்.

[திரையில்: 1983.]

1983 திருப்புமுனை. ரைலியை வேலையைவிட்டு அனுப்பியாயிற்று. (பின்னாளில் அவர் பிபிசி வானொலித் தொகுப்பாளராகப் பேர் வாங்கினார்.) ஆரம்ப காலத்திலிருந்து பேண்டைக் கட்டி மேய்த்த மேனேஜர் கே கேரல், அமெரிக்கப் பயணத்தின் நடுவில் விலகினார். அதே பயணத்தில்தான் சிகாகோவில் பிரிக்ஸ் என்ற இளம் கிட்டார் கலைஞரை ஸ்மித் சந்தித்தார். சில மாதங்களில் கல்யாணம். பிரிக்ஸ் பேண்டுக்குள் வந்ததும் பாட்டுகளுக்கு மெட்டு வந்தது, மேடைக்கு உடை வந்தது, விற்பனைப் பட்டியலில் இடமும் வந்தது. இந்தக் காலத்தின் இரண்டு முக்கிய ஆல்பங்களைத் தயாரித்தவர் ஜான் லெக்கி. பிறகு ஸ்டோன் ரோஸஸ் பேண்டின் முதல் ஆல்பத்துக்கும் ரேடியோஹெட் பேண்டுக்கும் தயாரிப்பாளராக இருந்த அதே லெக்கிதான். 1988இல் நடனக் கலைஞர் மைக்கேல் கிளார்க்கோடு சேர்ந்து லண்டனில் ஒரு பாலே நிகழ்ச்சியே போட்டார்கள். பிரிக்ஸ் ஒரு பிரம்மாண்டமான பர்கர் மேல் உட்கார்ந்து கிட்டார் வாசித்தார். 1989இல் கல்யாணம் முறிந்தது, அவரும் போனார். நடுவில் ஒருமுறை திரும்பி வந்து மறுபடியும் போனார்.

இதற்கெல்லாம் நடுவே ஸ்டீவ் ஹேன்லியும் ஸ்கேன்லனும் அதே இடத்தில் நின்று வாசித்துக்கொண்டிருந்தார்கள். 1995இல் ஸ்கேன்லனை ஸ்மித் நீக்கினார். 16 வருஷம் கூட இருந்தவர். அது தப்பான முடிவு என்று ஸ்மித்தே பின்னால் ஒரு பேட்டியில் ஒப்புக்கொண்டார். மூன்று வருஷம் கழித்து, 1998 ஏப்ரலில், நியூயார்க்கில் ஒரு சின்ன கிளப் மேடையிலேயே கைகலப்பு. ஹேன்லி, பர்ன்ஸ், கிட்டார் வாசித்த டாமி குரூக்ஸ் மூன்று பேரும் விலகினார்கள். ஸ்மித் கைதானார். ஹேன்லி ஊர் திரும்பி, ஒரு பள்ளிக்கூடத்தில் பராமரிப்பாளர் வேலைக்குப் போனார். 19 வருஷ பேஸ் அதோடு நின்றது.

பேண்டு நிற்கவில்லை. 2006 அமெரிக்கப் பயணத்தில் மூன்று பேர் பாதியில் கிளம்பிப் போனபோதும், டிம் பிரெஸ்லி, ராப் பார்பேட்டோ, ஓர்ஃபியோ மெக்கார்ட் என்ற அங்கத்திய இளைஞர்கள் அவசரமாகப் பாட்டுகளைக் கற்றுக்கொண்டு மேடையேறினார்கள். அடுத்த ஆல்பத்திலும் அவர்களே வாசித்தார்கள். கீபோர்டில் ஸ்மித்தின் மனைவி எலெனா பூலு. பிறகு பீட் கிரீன்வே, டேவ் ஸ்பர், கீரன் மெல்லிங் என்ற மூவர் வந்து பத்து வருஷத்துக்கு மேல் தாக்குப்பிடித்தார்கள். ஆள்மாற்றத்துக்குப் பேர்போன பேண்டின் கடைசிப் பத்தாண்டில் ஆட்கள் அதிகம் மாறவில்லை என்பதை யாரும் பெரிதாகப் பேசுவதில்லை. 2017 இறுதியில் சக்கர நாற்காலியில் வந்து பாடிய ஸ்மித், 2018 ஜனவரி 24 அன்று 60 வயதில் இறந்தார்.

[திரையில்: ஐந்து பேர், ஒரு ஒத்திகை அறை.]

சரி, அவர் இல்லாமல் அந்த ஓசை வருமா? 2023இல் ஐந்து பேர் சேர்ந்து ‘ஹவுஸ் ஆஃப் ஆல்’ என்ற பெயரில் ஆல்பம் போட்டார்கள். மார்ட்டின் பிராமா, ஸ்டீவ் ஹேன்லி, பால் ஹேன்லி, எண்பதுகளின் டிரம்மர் சைமன் வுல்ஸ்டன்கிராஃப்ட், பீட் கிரீன்வே. ஐவருமே ஃபாலில் வாசித்தவர்கள். இந்த முயற்சி ஃபால் ரசிகர்களைத் தவறான எண்ணத்துக்குக் கொண்டுபோகிறது என்று ஸ்மித்தின் குடும்பத்தார் கடுமையாக ஆட்சேபித்தார்கள். பாட்டைப் போட்டால் முதலில் இரண்டு டிரம்ஸ், அப்புறம் ஹேன்லியின் பேஸ். பாடுவது பிராமா. ஸ்மித்தின் எழுத்து அதில் இல்லை, அந்தக் குறை நன்றாகவே தெரிகிறது. ஆனால் பேஸ் வந்த பத்து விநாடியில் இது யார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. 2024இல் அவர்களுடைய இரண்டாவது ஆல்பமும் வந்தது.