எருமை பாலை அடக்கினால்

வணக்கம் நேயர்களே.

"டொக்டர், எருமை பாலை அடக்கிப்போட்டுது. மடி நிறைஞ்சு கிடக்கு, கறந்தா வருதில்ல." மட்டக்களப்புப் படுவான்கரைப் பட்டிகளுக்குப் போனால் எனக்கு அடிக்கடி கிடைக்கும் முறைப்பாடு இது. கண்ணூறு என்று சிலர் மிளகாய் சுற்றிப் போடுவார்கள். சுற்றட்டும், எருமைக்கு அதனால் கெடுதி இல்லை. காரணம் மட்டும் வேறு இடத்தில், அதன் இரத்தத்தில் இருக்கிறது.

பசுவின் பாலில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு, காம்புக்கு மேலுள்ள அறையில் இறங்கி நிற்கும். எருமைக்கு அந்த வசதியும் இல்லை. நூற்றுக்கு 95 பங்கு அளவில் மடியின் நுண்ணிய சிற்றறைகளுக்குள்ளேயே நிற்கும். எவ்வளவு பலமாக இழுத்தாலும் அது கைக்கு வராது. கன்று முட்டி முட்டிக் காம்பைச் சப்பினால் அந்த உணர்வு நரம்பு வழியே மூளைக்குப் போகும். மூளையின் அடியிலுள்ள கபச்சுரப்பி உடனே ஒட்சிற்றோசின் என்ற ஓமோனை இரத்தத்தில் விடும். சிற்றறைகளைச் சுற்றியுள்ள கலங்கள் சுருங்க, பால் இறங்கும்.

இரத்தம் உடம்பெல்லாம் ஓடுகிறதே, மடி மட்டும் ஏன் சுருங்குகிறது? "இன்னாருடைய மாடு வயலுக்குள் நிற்கிறது" என்று ஒலிபெருக்கியில் அறிவித்தால் ஊரே கேட்கும், ஓடுவது மாட்டுக்காரர்தான். ஓமோனும் அப்படி. அதை ஏற்கும் வாங்கிகள் உள்ள கலங்களே அசையும். கருப்பையிலும் அவை உண்டு. கன்றை வெளியே தள்ள உதவுவதும் இதே ஒட்சிற்றோசின்தான்.

1941இல் அமெரிக்க ஆய்வாளர் இருவர், பசுவின் பாதி மடிக்குப் போகும் நரம்புகளை வெட்டிவிட்டுப் பார்த்தார்கள். இரண்டு பாதியிலும் பால் இறங்கியது. மடிக்குச் செய்தி கொண்டுவருவது இரத்தம் என்று தெளிவானது. பசுவை வெருட்டியும் பார்த்தார்கள்: முதுகில் பூனையை ஏற்றி, பக்கத்தில் கடதாசிப் பைகளை வெடித்து! பால் இறங்கவில்லை.

வெருண்ட மாட்டின் மூளை ஒட்சிற்றோசினை விடுவதே குறையும். அதோடு அதிரீனல் சுரப்பி அதிரீனலின் என்ற இன்னொரு ஓமோனை விடும். மடிக்குப் போகும் இரத்தக் குழாய்கள் ஒடுங்கும், வந்த ஒட்சிற்றோசினும் சரியாகப் போய்ச் சேராது. நாய் குரைத்தாலும், புது ஆள் வந்து குந்தினாலும், தடியால் ஒன்று போட்டாலும் எருமைக்கு எல்லாம் ஒன்றுதான். அடித்துப் பால் இறக்கியவரை நான் இன்னும் காணவில்லை.

மடியைக் கழுவித் தடவிவிட்டுக் கொஞ்சம் பொறுங்கள். எருமைக்கு இரண்டு மூன்று நிமிடமாவது வேண்டும். இறங்கியதும் இடையில் நிறுத்திக் கதை பேசாமல் கறந்து முடியுங்கள். அந்த ஓமோன் இரத்தத்தில் சில நிமிடங்களுக்கு மேல் நிற்காது. கன்று செத்த எருமைக்குக் கறக்கிற ஆளையும் நேரத்தையும் மாற்றாதீர்கள். பழகிவிட்டால் வாளிச் சத்தத்துக்கே பால் இறக்குகிற எருமைகள் உண்டு.

"ஊசி ஒன்று போட்டால் சரிதானே?" என்று கேட்பீர்கள். ஒட்சிற்றோசின் ஊசி இருக்கிறது. தேவையைப் பார்த்து வைத்தியர் போடுவார். தினம் தினம் போட்டால் எருமை ஊசிக்குப் பழகிவிடும். பிறகு கன்றை விட்டாலும் இறக்காது.

வணக்கம்.