வெயில் மீது ஏன் பழி?

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, சேலத்துப் பெருமக்களே, வணக்கம். கோடையில் பைக்கின் மைலேஜ் குறைவதற்குக் காரணம் வெயிலா, ஓட்டுகிறவரா? ஓட்டுகிறவர்தான் என்று சொல்ல வந்திருக்கிறேன்.

எதிரணித் தலைவர் என்னைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னார். "ஏற்காட்டிலிருந்து இன்ஜினை அணைத்துவிட்டு உருண்டு வருகிற கஞ்சர் இவர், இவருக்கு வெயிலைப் பற்றி என்ன தெரியும்?" கைதட்டினீர்கள். நானும் தட்டினேன். ஆனால் ஆளை மாற்றிவிட்டார், ஐயா. அப்படி உருண்டவர் என் மாமனார். நான் பின்னால் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவன்.

மலைப்பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். மேலே இருபதாவது வளைவிலேயே சாவியைத் திருப்பிவிட்டார். பதினேழில், "மாப்பிள்ளை, குனிந்து உட்காருங்கள், காற்று தடுக்கிறது" என்றார். குனிந்தேன். பதினான்கில், "இன்னும் கொஞ்சம்" என்றார். அதற்கு மேல் குனிந்தால் அவருடைய சட்டைப் பைக்குள்தான் போக வேண்டும். பத்தாவது வளைவில் ஏதோ தீய்கிற வாசம். "மாமா, என்னமோ கருகுகிறது." திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "தோட்டத்தில் காபி வறுக்கிறார்கள்." கேளுங்கள், கருகுவது பிரேக், அவர் சொல்வது காபி! ஏழாவது வளைவில் புகையே வந்துவிட்டது. "பார்த்தீர்களா, நன்றாக வறுபட்டுவிட்டது" என்கிறார்! கியரில் இறங்கினால் இன்ஜினே வண்டியை இழுத்துப் பிடிக்கும், அணைத்து நியூட்ரலில் உருட்டினால் பாரம் முழுவதும் பிரேக்கின் தலையில். கோட்டை மாரியம்மன் புண்ணியத்தில் அடிவாரம் சேர்ந்தோம். பிரேக் ஷூவுக்குக் கொடுத்த பணத்தில் டேங்கில் கொஞ்சம் பெட்ரோலே நிரப்பியிருக்கலாம்.

இதில் வெயில் எங்கே வந்தது என்கிறீர்களா? அதைத்தான் ஐயா நானும் கேட்கிறேன்!

வெயிலில் பெட்ரோல் விரிகிறது என்றார் இன்னொரு நண்பர். உண்மைதான், 10 டிகிரிக்கு ஏறத்தாழ 1 சதவீதம். ஆனால் பெட்ரோல் பங்கின் தொட்டி பூமிக்கடியில் அல்லவா இருக்கிறது, அங்கே வெயில் ஏது! சூடான காற்று அடர்த்தி குறைந்தது, வண்டியைக் குறைவாகத்தான் தடுக்கும். இன்ஜினும் சீக்கிரம் சூடேறிவிடும். இரண்டும் மைலேஜுக்கு நல்லது. பழைய கார்புரேட்டர் வண்டிகளில் சூட்டில் காற்றோடு கலக்கும் பெட்ரோலின் பங்கு சற்றுக் கூடும், ஒப்புக்கொள்கிறேன். 2020 ஏப்ரலில் பி.எஸ்.6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி வந்தபின் பெரும்பாலான வண்டிகளில் சென்சாரே காற்றின் சூட்டை அளந்து பெட்ரோல் விடுகிறது. ஐந்து ரோடு சிக்னலில் இன்ஜினை அணைக்காமல், முறுக்கிக்கொண்டே சூரியனைத் திட்டுகிறோமே, அந்தக் கைதான் குற்றவாளி.

மாமனாரைப் பார்த்துச் சிரித்தீர்கள். அவர் வெள்ளிக் கொலுசுப் பட்டறைத் தொழிலாளி. சித்திரை மத்தியானத்தில், தலையில் ஒரு ஈரத் துண்டோடு, சிவதாபுரத்திலிருந்து செவ்வாய்ப்பேட்டைக்குச் சரக்கு கொண்டுபோவார். ஊர்க் குழந்தைகளுக்கெல்லாம் கொலுசு செய்தவர், தன் மகளுக்கு ஒரு ஜோடி போட்டுப் பார்த்ததில்லை. பெட்ரோலில் மிச்சம் பிடித்த ஒவ்வொரு ரூபாயும் அந்த மகளின் கல்லூரிக் கட்டணத்துக்குப் போனது. இதோ, முன்வரிசையில் கண்ணைத் துடைத்துக்கொண்டிருக்கும் என் மனைவிதான் அந்த மகள்.

மணி அடித்துவிட்டீர்கள், நடுவர் அவர்களே. தீர்ப்பை எங்கள் பக்கம் தாருங்கள். மைலேஜுக்காக இல்லாவிட்டாலும் அந்தக் கல்லூரிக் கட்டணத்துக்காகத் தாருங்கள். நன்றி, வணக்கம்.