பதில் சொல்லாத சில்லும் எண்ணிக் காத்திருக்கும் சுற்றும்

நேயர்களுக்கு என் வணக்கம்.

தண்டையார்பேட்டையில் மின்சுற்றுப் பலகைகளை வடிவமைக்கும் சிறிய கூடம் ஒன்றில் பல ஆண்டுகளாகப் பணிபுரிந்து வருகிறேன். கணினியின் செயலிக்கும் (ப்ராசசர்), அதற்கு வெளியே தனிச் சில்லுகளாக இருக்கும் நினைவகத்துக்கும் நடுவே நின்று உழைக்கும் நினைவகக் கட்டுப்படுத்தியைப் பற்றி இன்று பேச விரும்புகிறேன்.

டிராம் என்னும் நினைவகத்தில் ஒவ்வொரு பிட்டும், ஒரு டிரான்சிஸ்டரும் ஒரு மின்தேக்கியும் சேர்ந்த அறையில் மின்னூட்டமாகத் தங்குகிறது. ஐபிஎம் நிறுவனத்தின் ராபர்ட் டென்னார்டு 1968-இல் காப்புரிமை பெற்ற அமைப்பு இது. அறைகள் நிரையும் நிரலுமாக அமைந்திருப்பதால், கட்டுப்படுத்தி முதலில் நிரையின் எண்ணையும், பிறகு அதே கம்பிகளில் நிரலின் எண்ணையும் அனுப்புகிறது. நிரை எண் சேர்ந்தவுடன் அந்த நிரை முழுவதும் திறக்கப்படுகிறது. படிக்கும்போதே மின்னூட்டம் வடிந்துவிடுவதால், சில்லின் உள்ளிருக்கும் உணர்பெருக்கிகள் படித்ததைத் திரும்ப நிரப்பி வைக்கின்றன.

இதில் என்னை இன்றளவும் வியக்கவைப்பது ஒன்று உண்டு. நிரை திறந்தாயிற்று, இனிப் படிக்கலாம் என்று அந்தச் சில்லு ஒருபோதும் சொல்வதில்லை. கட்டுப்படுத்திதான் கடிகாரத் துடிப்புகளை எண்ணிக் காத்திருக்க வேண்டும். எத்தனை துடிப்பு என்பது நினைவகப் பட்டையில் ஒட்டியிருக்கும் சின்னஞ்சிறு சில்லொன்றில் எழுதப்பட்டிருக்கிறது. கணினி விழிக்கும்போதே அது படிக்கப்பட்டுவிடும். டிராமின் ஒரு தலைமுறையான டிடிஆர்4-இன் 3200 வகையில், 22-22-22 என்று குறிக்கப்பட்ட பட்டையைக் கொள்வோம். வேண்டிய நிரை ஏற்கெனவே திறந்திருந்தால் 22 துடிப்புகளில் தரவு வரத் தொடங்கும். எந்த நிரையும் திறவாதிருந்தால், திறக்க இன்னொரு 22 சேர்ந்து 44. வேறு நிரை திறந்திருந்தால் அதை மூட மேலும் 22 சேர்ந்து 66.

துறைமுகத்தை ஒட்டி வாழும் நமக்கு இதன் பொருள் எளிதில் விளங்கும். கன்டெய்னர் யார்டில் ஓர் அடுக்கைப் பிரித்துவிட்டால், அதிலிருந்து எடுக்க வேண்டியவற்றை எல்லாம் எடுத்த பிறகே அடுத்த அடுக்குக்குப் போவது லாபம். கட்டுப்படுத்தியும் அப்படியே, வந்த வரிசையைச் சற்று மாற்றி, திறந்த நிரைக்குரிய கோரிக்கைகளை முதலில் முடிக்கிறது. அதற்காக நெடுநேரம் காத்திருக்கும் கோரிக்கையைக் கைவிடவும் கூடாது.

இத்தனைக்கும் நடுவே மின்னூட்டம் கசிந்துகொண்டே இருக்கிறது. ஆகையால் 64 மில்லி விநாடிக்குள் எல்லா நிரைகளும் புதுப்பிக்கப்பட வேண்டும். டிடிஆர்4-இல் அதற்கு 8192 கட்டளைகள், அதாவது சராசரியாக 7.8 மைக்ரோ விநாடிக்கு ஒன்று. வெப்பம் ஏறினால் கசிவும் ஏறும் என்பதால், சில்லின் வெப்பநிலை 85 டிகிரி செல்சியசைத் தாண்டும்போது இந்த இடைவெளியைப் பாதியாக்கச் சொல்கிறது விதி.

அந்த விதியின் அருமையை ஒரு கத்திரி வெயிலில்தான் உணர்ந்தேன். எண்ணூர் நெடுஞ்சாலை ஓரத்தில், காற்றோட்டமில்லாத இரும்புப் பெட்டிக்குள் நாங்கள் பொருத்திய பலகை ஒன்று காலையில் ஒழுங்காக ஓடி, பிற்பகலில் மட்டும் தவறான எண்களைக் காட்டியது. மின்வழங்கியை மாற்றினோம், நினைவகத்தை மாற்றினோம், பயனில்லை. கடைசியில் கட்டுப்படுத்தியின் அமைப்பு எண்களைத் தாங்கும் பதிவேடுகளை (ரெஜிஸ்டர்) படித்துப் பார்த்தபோது, எவ்வளவு சூடேறினாலும் இடைவெளி 7.8 மைக்ரோ விநாடியிலேயே நின்றிருந்தது. அதை 3.9 ஆக்கினோம். அந்தக் கோடை முழுவதும் அப்பலகை அதே பெட்டிக்குள் பிழையின்றி ஓடியது.

நன்றி, வணக்கம்.