மின்சாரம் வந்த பிறகும் ஓடாத மீன்தொட்டிப் பம்ப்

நேயர்களுக்கு வணக்கம்.

மின்வெட்டு முடிந்து வீட்டில் விளக்கு எரிகிறது, மின்விசிறி சுற்றுகிறது. ஆனால் மீன்தொட்டியின் பம்ப் மட்டும் ஓடவில்லை. அலங்கார மீன் வளர்ப்பவர்களில் பலருக்கும் பழக்கமான நிலைமைதான் இது. இப்படி நின்றுபோன பம்பைக் கடைக்கு எடுத்துச் சென்றால், ‘காயில் போய்விட்டது, புதிதாக வாங்கிக்கொள்ளுங்கள்’ என்ற பதில் பல நேரம் கிடைக்கிறது. அப்படிக் கைவிடப்பட்ட பம்புகள் பலவற்றைத் திறந்து பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: அவற்றில் பெரும்பாலானவற்றின் காயிலில், அதாவது உள்ளே இருக்கும் கம்பிச் சுருளில், எந்தக் குறையும் இருந்ததில்லை. உள்ளே உப்பும் வழவழப்பான கசடும் படிந்திருந்தன, அவ்வளவுதான்.

அப்படியானால் மின்வெட்டு வரைக்கும் அந்தப் பம்ப் எப்படி ஓடிக்கொண்டிருந்தது என்று நீங்கள் கேட்கலாம். அதற்கான விடை பம்பின் அமைப்பிலேயே இருக்கிறது. தண்ணீருக்குள் மூழ்கியிருக்கும் சிறு பம்பில் அசையும் உறுப்பு ஒன்றே ஒன்றுதான். உருளை வடிவக் காந்தமும் அதன் தலையில் பொருத்திய இம்பெல்லர் என்னும் இறக்கைச் சக்கரமும் சேர்ந்த அந்த உறுப்பு, மெல்லிய பீங்கான் தண்டு ஒன்றின் மேல் சுற்றுகிறது. செம்புக் கம்பிச் சுருள் தண்ணீர் புகாதபடி எப்பாக்ஸிப் பிசினுக்குள் புதைந்திருக்கிறது. நம் வீட்டு மின்சாரம் நொடிக்கு 50 சுழற்சி உடையது. இருமுனைக் காந்தம் அதே கதியைப் பின்பற்றி நிமிடத்துக்கு 3,000 முறை சுற்ற வேண்டும். மின்விசிறியைப் போல மெல்லத் தொடங்கிச் சிறிது சிறிதாக வேகம் பிடிக்க இதற்குத் தெரியாது. சுவிட்சைப் போட்ட கணத்தில் முன்னும் பின்னும் துடித்து, ஓரிரு துடிப்புக்குள் முழு வேகத்தை எட்டிப் பிடித்தாக வேண்டும். ஓடிக்கொண்டிருக்கும் காந்தம் சிறிதளவு உராய்வைத் தாங்கிக்கொண்டு பல மாதம் ஓடிவிடும். ஆனால் ஒருமுறை நின்றுவிட்டால், அதே உராய்வு அதை மீண்டும் புறப்பட விடாது. ஆக, மின்வெட்டு பம்பைக் கெடுக்கவில்லை. பல மாதமாக உள்ளே சேர்ந்துகொண்டிருந்ததை வெளியே காட்டியது.

எதையும் கழற்றுவதற்கு முன் காதைப் பயன்படுத்துங்கள். தண்ணீருக்குள் கையை விடாமல், தொட்டியின் கண்ணாடியில் காதை ஒட்டிவைத்துக் கேளுங்கள். ‘ம்ம்’ என்ற முனகல் கேட்கிறது, ஆனால் தண்ணீர் வரவில்லை என்றால், காயிலுக்கு மின்சாரம் போகிறது, காந்தம் சிக்கியிருக்கிறது என்று பொருள். கரகரவென்று அரைக்கும் ஓசை கேட்டால், மணலோ நத்தை ஓட்டின் துண்டோ உள்ளே புகுந்திருக்கலாம், அல்லது தண்டின் முனைகளில் உள்ள ரப்பர் புஷ் தேய்ந்திருக்கலாம். சலசலவென்று காற்றுக் குமிழிகளின் ஓசை கேட்டால், நீர்மட்டம் குறைந்து பம்ப் காற்றை இழுக்கிறது. எந்த ஓசையும் இல்லை என்றால்தான் மின்பக்கம் பார்க்க வேண்டும். அப்போதும் பிளக்கையும் சுவிட்சையும் முதலில் சோதியுங்கள்.

முனகல் கேட்கும் பம்பைச் சரிசெய்வது வீட்டிலேயே முடிகிற வேலை. சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. பிளக்கைப் பிடுங்கிய பிறகே தண்ணீரில் கை வைக்க வேண்டும். முன்மூடியைத் திருகி எடுத்து, இம்பெல்லரைப் பிடித்து நேராக வெளியே இழுங்கள். காந்தம் பிடித்திழுப்பதால் சற்று அழுத்தமாகத்தான் வரும். பக்கவாட்டில் வளைத்தால் பீங்கான் தண்டு படக்கென்று முறிந்துவிடும். ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரை நிரப்பும் வீடுகளில், காந்தத்தின் மேலும் அது அமரும் குழியின் உட்சுவரிலும் சுண்ணாம்பு போன்ற வெள்ளைப் படிவைக் காண்பீர்கள். காந்தத்துக்கும் குழிக்கும் இடையில் உள்ள இடைவெளி மிகக் குறுகியது. ஆகவே மெல்லிய படிவே சுழற்சியைத் தடுக்கப் போதுமானது. வினிகரில் சம அளவு தண்ணீர் கலந்து ஒரு மணி நேரம் ஊறவைத்தால் படிவு நெகிழ்ந்துவிடும்; எலுமிச்சைச் சாறும் உதவும். பிறகு பழைய பல் துலக்கியால் குழியின் அடி வரை தேய்த்து, நல்ல தண்ணீரில் அலசுங்கள். கழிவறை கழுவும் ஆசிட், சோப்பு, தேங்காய் எண்ணெய் ஆகியவற்றை அருகில் கொண்டுவர வேண்டாம். சுழல்வதற்கு எண்ணெய் விடலாம் என்ற யோசனை நல்லெண்ணத்தில் வருவதுதான். ஆனால் இந்தத் தண்டுக்குத் தண்ணீர்தான் எண்ணெய்.

இங்கே இரண்டு செய்திகளைச் சொல்லியாக வேண்டும். காந்தத்தைத் திரும்பப் பொருத்தி விரலால் சுற்றிப் பார்க்கும்போது, ஒவ்வொரு சுற்றிலும் ஓரிரு இடத்தில் பிடித்து விடுவதுபோல் உணர்வீர்கள். அது காந்த ஈர்ப்பு, சிக்கல் அன்று. அடுத்தது, பல பம்புகளில் இறக்கைச் சக்கரம் காந்தத்தோடு இறுக ஒட்டியிருக்காது, கொஞ்சம் தளர்வாக ஆடும். தண்ணீரின் சுமை இல்லாமல் காந்தம் முதல் உந்தலைப் பெறுவதற்காகவே அந்தத் தளர்வை வைத்திருக்கிறார்கள். அது கழன்றுவிட்டது என்று எண்ணி நண்பர் ஒருவர் பசை போட்டு ஒட்டிவிட்டார். அதுவரை திக்கித் திக்கியாவது ஓடிய பம்ப், அதன் பின் ஒருநாளும் புறப்படவில்லை.

பம்ப் ஓடுகிறது, தண்ணீர் மட்டும் குறைவாக வருகிறது என்றால், முதலில் ஸ்பாஞ்சையும் உறிஞ்சும் வாயின் வலையையும் பாருங்கள். பெட்டியின் மேல் மணிக்கு 1,000 லிட்டர் என்று அச்சிட்டிருந்தால், அது நீரை மேலே ஏற்ற வேண்டாத நிலையில் கிடைக்கும் அளவு. அதே பெட்டியில் உயரம் 1.5 மீட்டர் என்று இருந்தால், அந்த உயரத்தில் தண்ணீர் ஒரு சொட்டும் வெளியே விழாது என்று பொருள். இதைத் தலைகீழாகப் புரிந்துகொண்டு, நல்ல பம்பைக் குறை சொல்பவர்கள் உண்டு. கழுவிப் பொருத்திய உடனே நீரோட்டம் இல்லையென்றால், உள்ளே காற்று அடைத்திருக்கலாம். பிளக்கை எடுத்துவிட்டு, நீருக்குள்ளேயே பம்பைச் சாய்த்தால் குமிழி வெளியேறிவிடும்.

மின்னழுத்தம் குறைந்த வேளையில் சுத்தமான பம்பும் புறப்படாமல் முனகக்கூடும். சதுர அலை இன்வெர்ட்டரில் ஓடும்போது இரைச்சல் கூடுவதும் உண்டு. நல்ல மின்சாரம் வந்ததும் அது அடங்கினால் கவலை வேண்டாம். ஆனால் பம்பின் உடல் வீங்கியோ வெடித்தோ இருந்தாலும், தண்ணீரைத் தொடும்போது சுரீரென்று பட்டாலும், அதை மறுபடி தொட்டியில் இடக் கூடாது. வெட்டுப்பட்ட ஒயரை டேப் சுற்றி நீருக்குள் விடுவது ஆபத்து. ஒயர் பிளக்குக்குக் கீழே தொங்கி வளைந்து மேலேறும்படி அமைத்தால், ஒயர் வழியாக இறங்கும் தண்ணீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும். 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே இணைப்பைத் துண்டிக்கும் பாதுகாப்புச் சுவிட்ச் வீட்டில் இருப்பது மிக நல்லது.

பம்ப் உங்கள் கையில் இருக்கும் நேரத்தில் மீன்களை மறந்துவிடக் கூடாது. நீரின் வெப்பம் கூடக்கூட அதில் கரையும் ஆக்சிஜன் குறையும். கோடையில் நீர் அசையாமல் நின்றால், நெருக்கமாக மீன் விட்ட தொட்டியில் மீன்கள் விரைவிலேயே மேலே வந்து வாயைத் திறந்து மூச்சு வாங்கும். தொட்டித் தண்ணீரையே குவளையில் மொண்டு உயரத்திலிருந்து ஊற்றுங்கள், இரை போடாதீர்கள். கழற்றிய ஸ்பாஞ்சைத் தொட்டித் தண்ணீரிலேயே மெல்லப் பிழிந்து, நனைந்தபடி வைத்திருங்கள். மீன்கழிவில் உண்டாகும் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், பின் நைட்ரேட்டாகவும் மாற்றும் நுண்ணுயிர்கள் அதில்தான் குடியிருக்கின்றன. குளோரின் கலந்த குழாய்த் தண்ணீர் அவற்றைக் கொன்றுவிடும். பல மணி நேரம் நின்றிருந்த மூடிய ஃபில்டரானால், உள்ளே தேங்கிய தண்ணீரைக் கொட்டிய பிறகே ஓட்டுங்கள்.

இவ்வளவும் செய்த பின்னும் பம்ப் ஓசையின்றி இருந்தால், பிளக்கைப் பிடுங்கிய நிலையில் அதன் இரு முனைகளுக்கிடையே மல்டிமீட்டர் வைத்துப் பாருங்கள். மின்தொடர்ச்சி இல்லையென்றால் ஒயரோ சுருளோ அறுந்திருக்கிறது. பிசினுக்குள் புதைந்த சுருளைப் பிரித்துச் சுற்ற இயலாது. அப்போது புதியது வாங்கத்தான் வேண்டும். வாங்கும் கடையில், அந்த மாதிரிக்கு இம்பெல்லரும் தண்டும் தனியாகக் கிடைக்குமா என்று கேட்டுக்கொண்டு வாங்குங்கள். பழைய பம்பின் இம்பெல்லரையும் ரப்பர் புஷ்களையும் எறிந்துவிடாதீர்கள். புதியதும் அதே மாதிரியானால், அவை ஒருநாள் தேவைப்படும்.

நன்றி, வணக்கம்.